கதவில் ஒட்டிய கனெக்டர்

குளோரியா அந்தக் கனெக்டரை வைக்கவேயில்லை.

லிங்கராஜபுரத்தில் மாலை ஐந்தரை மணி. படியில் விழுந்து கால் முறிந்து, தொடைவரை மாவுக்கட்டோடு மூன்று வாரமாகப் படுத்திருக்கும் கெமிஸ்ட்ரி டீச்சரான அவளுக்கு, விண்கலம் கட்டும் வீடியோ கேம்தான் பொழுதுபோக்கு. கனெக்டர் அதில் மிகச் சிறிய பாகம். எட்டுப் பட்டை வைத்த, விரற்கடை நீள உலோகத் துண்டு. நேராக ஒட்டாத இரண்டு பாகங்களுக்கு நடுவே நின்று அவற்றைப் பிடித்துவைக்கும். அப்படியொன்று, கலத்திலிருந்து விண்வெளி வீரர்கள் வெளியே வரும் கதவின்மேல் குறுக்காக ஒட்டியிருந்தது.

அழித்தாள். ‘டிக்’ என்று மறுபடி ஒட்டியது. பக்கத்தில் இன்னொன்று. அழிக்க அழிக்கக் கூடி, கதவே தெரியாமல் மூடிவிட்டது.

சர்ச்சில் பாட்டுப் பயிற்சியில் இருந்த கணவனுக்கு போன் செய்தாள்.

“யூஜின், நான் எதுவும் பண்ணலப்பா. அதுவா வந்து ஒட்டுது.”

“கேம்ல ஏதாவது பக் இருக்கும் குளோ. லேப்டாப்ப மூடிட்டுப் படு. இன்னும் அர்த்த கண்டேல, அரை மணி நேரத்துல வந்துடறேன்.”

மூடினாள். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. மெயின் ரோட்டில் பஸ்கள் உறுமும் சத்தமும், கீழ்வீட்டு குக்கரின் விசிலும், காயாத துணியின் புழுக்க வாடையும் வழக்கம்போலத்தான் இருந்தன. ஆனால் அவற்றுக்கு அடியில், வெல்டிங் பட்டறையைக் கடக்கும்போது மூக்கில் ஏறுமே, அந்தக் கருகிய இரும்பு வாசனை மெல்ல மெல்ல அறையை நிரப்பிக்கொண்டிருந்தது.

டிக்.

லேப்டாப்பிலிருந்து அல்ல. வாசற்கதவிலிருந்து.

டிக். டிக். சுவரில். கட்டிலின் தலைமாட்டில்.

திரும்பிப் பார்க்க முழங்கையை எடுத்தாள். வரவில்லை. வலியும் இல்லை. முழங்கைக்கும் கட்டில் கம்பிக்கும் நடுவே, சாம்பல் நிறத்தில் ஒரு சின்னத் துண்டு. தோலில் எங்கே அது தொடங்குகிறது என்றே தெரியவில்லை. போன் மெத்தையில் நழுவிக் கிடந்தது. இன்னொரு கையால் எட்டினாள். எட்டவில்லை.

சாவி திரும்பும் சத்தம். கதவு அசையவில்லை.

“குளோ, உள்ள தாழ் போட்டிருக்கியா?”

“நான் எப்படிப்பா எழுந்து போடுவேன்? ஜன்னலுக்கு வா. சீக்கிரம்!”

யூஜின் வராந்தாவைச் சுற்றி ஓடி வந்தான். முகமெல்லாம் மழைத்துளி. அவள் கையைப் பார்த்ததும் கிரில்லுக்குள் தோள்வரை கையை நுழைத்து நீட்டினான். “பிடி. இந்தக் கையால என்னப் பிடி.”

நீட்டினாள். நடுவே ஒரு முழம் இடைவெளி.

டிக்.

அவன் தோள் கிரில்லோடு நின்றுவிட்டது. இழுத்தான். இரண்டு முறை இழுத்தான். பிறகு இழுக்கவில்லை. உதடு அசையவில்லை. கண்கள் மட்டும் அவள்மீதும் தன் கைமீதுமாக மாறி மாறி ஓடின.

அவன் நடுவிரல் நுனியில் ஒரு துண்டு முளைத்தது. அதன் நுனியில் அடுத்தது. பிடிமானமில்லாமல், அந்தரத்தில், நேராக அவளை நோக்கி.

கையை மடக்கப் பார்த்தாள். தோளில் எப்போது ஒட்டியது?

கத்தினாள். கீழே குக்கர் இன்னொரு விசில் அடித்தது.

இன்னும் நான்கு விரற்கடை.

டிக்.

மூன்று.