எழ மறுத்த கட்டைகள்

“நேத்து ரெண்டு கட்டை எழல. இன்னைக்கு அஞ்சு. இது பியானோவா, இல்ல என்னைப் பழி வாங்க வந்த பிறவியா?”

மெக்கானிக் மாமா திருப்புளியை மேசைமேல் போட்டார். அவர் அழுத்திய வெள்ளைக் கட்டை உள்ளே இறங்கி, அப்படியே படுத்துக்கொண்டது.

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அதுக்குக் காது கேட்கும்” என்றார் அவர் மனைவி. பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் மெக்கானிக் அத்தை.

அந்த ஊர் இசைப்பள்ளியில் நான்கு பியானோக்கள் இருந்தன. பழுது பார்க்கத் தெரிந்தவர்தான் ஒருவரும் இல்லை. அறுந்த கம்பிக்குப் பதில் கம்பி வாங்கக் கடையும் இல்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மாமாவும் அத்தையும் தங்கள் விடுமுறையை விட்டுக்கொடுத்து, பெட்டி நிறையக் கருவிகளோடு வந்திருந்தார்கள்.

முதலில் கூடத்தில் இருந்த பியானோவைச் சரிசெய்தார்கள். மற்ற மூன்றும் பின்னறையில் பூட்டியிருந்தன. ஆனால் கூடத்துப் பியானோ ஒவ்வொரு மாலையும் நன்றாகப் பாடும். ஒவ்வொரு காலையும் அடம் பிடிக்கும்.

“போதும். நாளைக்குக் காலையில இதைப் பிரிச்சிடலாம். இதோட கம்பி, கம்பியைத் தட்டுற சுத்தியல் எல்லாத்தையும் மத்த மூணுக்கும் போட்டுக்கலாம்” என்றார் மாமா.

வாசலில் நின்ற சிறுமி உள்ளே ஓடி வந்தாள். எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லோரும் அவளைக் ‘கேள்வி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வீட்டில் பியானோ இல்லை. ஓர் அட்டையில் கட்டைகளை வரைந்து, அதைத்தான் வாசித்துப் பழகுவாள். அட்டையில் விரல் ஓடும்; சத்தம் வராது. சத்தம் வருவது இந்தப் பியானோவில்தான். பிள்ளைகள் தொட அனுமதிக்கப்பட்டதும் இது ஒன்றுதான்.

“மாமா, ஏன் ராத்திரியில மட்டும் கெட்டுப்போகுது?”

“அதைக் கண்டுபிடிக்கத் தெரிஞ்சா நான் ஏம்மா இப்படிக் கத்துறேன்? போ, போய்ப் படி.”

கேள்வி போனாள். போகும்போதே, ‘கடவுளே, அந்தக் கட்டைகளுக்கு நல்ல புத்தி கொடு. மாமாவுக்குக் கொஞ்சம் பொறுமையும் கொடு’ என்று வேண்டிக்கொண்டாள்.

மாலையில் பள்ளி விட்டதும், பியானோவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்தாள். கூடத்தில் பெருக்கும் அக்கா இருந்தார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். துணியை நன்றாக நனைத்து, ஒவ்வொரு கட்டையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். இடுக்குகளில் விரலை விட்டுக்கூடத் துடைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இரண்டு கட்டைகளுக்கு நடுவே இறங்கி மறைந்தது.

“அக்கா, தினமும் இப்படியா துடைக்கிறீங்க?”

“முன்னெல்லாம் இதைத் தொடவே மாட்டேன் பாப்பா, பயம். வந்த அன்னைக்கே மெக்கானிக் சொன்னாருல்ல, ‘ஒரு தூசி இருக்கக் கூடாது’ன்னு? நேத்து சாயங்காலம் ரெண்டு தடவை துடைச்சேன். இன்னைக்கு இது மூணாவது தடவை” என்றார் அக்கா பெருமையாக.

கேள்விக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ‘ஐயோ அக்கா’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டாள். தலைமை ஆசிரியைக்குத் தெரிந்தால் அக்காவின் வேலைக்கே ஆபத்து. சொல்லாவிட்டால் பியானோ போய்விடும்.

சற்று யோசித்தாள். பிறகு மாமா வேலை பார்த்துக்கொண்டிருந்த பின்னறைக்கு ஓடினாள்.

“மாமா, பியானோவை எப்படித் துடைக்கணும்னு அக்காவுக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுறீங்களா?”

“துடைக்கிறதுக்குமா பாடம் எடுக்கணும்?”

“தூசி கூடாதுன்னு சொன்னீங்க. எதால துடைக்கணும்னு சொல்லவே இல்லையே, மாமா.”

மாமா முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வாளியைப் பார்த்தார். சொட்டும் துணியைப் பார்த்தார். கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

அதற்குள் கேள்வி முந்திக்கொண்டாள். “நீங்க சொன்னதை அக்கா அப்படியே செஞ்சிருக்காங்க. சொன்னதுக்கு மேலேயே செஞ்சிருக்காங்க.”

பின்னால் வந்த அத்தை சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். “ஏங்க, பழி வாங்க வந்த பிறவி நீங்கதான்னு இப்பத் தெரிஞ்சுதா?”

“என்ன சத்தம் இங்கே?” என்று தலைமை ஆசிரியை எட்டிப் பார்த்தார். அக்கா துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

மாமா மூக்கைச் சொறிந்தார். “ஒண்ணுமில்லம்மா. தப்பு என்னோடது. தூசி ஆகாதுன்னு சொன்னேன். ஈரம் பட்டா உள்ளே இருக்கற மரம் உப்பிடும், கட்டை எழாதுன்னு சொல்ல மறந்துட்டேன்.”

அன்று மாலை மாமா, அத்தை, அக்கா, கேள்வி நான்கு பேரும் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, எண் பார்த்து, ஜன்னலோரம் வரிசையாக அடுக்கினார்கள். மின்விசிறி அவற்றுக்குக் காற்று வீசியது. தன்னிடமிருந்த பழைய பருத்திச் சட்டையைக் கிழித்து, மாமா அக்காவுக்கு உலர்ந்த துணி செய்து கொடுத்தார்.

மறுநாள் காலை கட்டைகள் தங்கள் இடத்துக்குத் திரும்பின. எல்லோரும் பியானோவைச் சுற்றி நின்றார்கள்.

“முதல்ல நீங்க அழுத்துங்க அக்கா” என்றாள் கேள்வி.

“நானா? எனக்கு என்ன தெரியும் பாப்பா?”

“ஒரு விரல் போதும்.”

அக்கா ஒரு விரலால் நடுக்கட்டையை அழுத்தினார். கணீரென்று ஒலித்தது. விரலை எடுத்தார். கட்டை டக்கென்று மேலே எழுந்து நின்றது.

“அப்பாடா” என்று மாமா நாற்காலியில் சாய்ந்தார்.

அக்கா சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்து உலர்ந்த துணியை உருவி, தன் விரல் பட்ட இடத்தைப் பதமாகத் துடைத்தார்.