ஏழில் ஒரு முடிச்சு

காலை 8.10.

கலாவதியின் கையிலிருந்து இட்லிப் பொட்டலம் நழுவியது.

அவள் கணவன் உமாபதி தறிக்குழியில் உட்கார்ந்திருந்தான். தலை மட்டும் பாதி நெய்த சேலையின் மேல் கவிழ்ந்திருந்தது. கழுத்தில் பட்டு நூல் புரி... ஐந்து சுற்று!

அலறினாள்.

பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவின் அத்தனை தறிகளும் ஒரே நொடியில் நின்றன.

9.25. உடலை எடுத்துப் போயிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி தறிக்கு முன்னால் குனிந்து நின்றார். அருகில் ஏட்டு ஏஞ்சல்.

"காலையில யாருமா வந்தது?"

"ஹீரோ சார் வந்தாரு. குமரகுரு. புதுப்படத்துல தறிக்காரனா நடிக்கப்போறாரே... அவரு."

"அவருக்கு இங்க என்ன வேலை?"

"எங்க வீட்டுக்காரர் ரெண்டு மாசமா மெட்ராசுக்குப் போய் வந்துக்கினு இருந்தாரு சார். சினிமா கம்பெனில ஒரு தறி போட்டிருக்காங்களாம். அங்க இன்னா வேலைன்னு என்கிட்டகூட சொல்லல. வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாங்களாம்."

"அவரு வந்தப்போ நீ எங்க இருந்தே?"

"இட்லி வாங்கப் போனேன்..." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அந்த ஹீரோவுக்குத்தான் சார் வாங்கப் போனேன்!"

ஏஞ்சல் டார்ச்சை அடித்தாள்.

"சார், தறியில ஓடற பாவு நூல்ல இழை அறுந்திருக்குது. ஏழு."

கலாவதி எட்டிப் பார்த்தாள். அழுகை நின்றது.

"ஏழு இல்லமா. ஆறு. ஒண்ணை முடிச்சு போட்டிருக்காங்க."

"அதனால?"

"இதெல்லாம் இவரு சாஞ்சப்போ அறுந்தது சார். காலையில நான் பாவு நூலைத் துடைச்சப்போ ஒரு இழைகூட அறுபடல. செத்தவரு எப்டி எழுந்து முடிச்சு போடுவாரு?"

"கொன்னவன் போட்டானா? எதுக்கு?"

"எதுக்குன்னு எல்லாம் இல்ல சார். அறுந்த இழையைப் பாத்தா தறிக்காரன் கை சும்மா இருக்காது. அதுவா போய்ப் போட்டுடும்."

கோதண்டபாணி மெல்ல நிமிர்ந்தார்.

கொன்றவன் தறி தெரிந்தவன்!

10.40.

குமரகுருவுக்கு இருபத்தாறு வயது. மூன்று படம். மூன்றாவது ஐம்பது நாள் ஓடியது. நான்காவதுக்கு வரும் திங்கட்கிழமை பூஜை. தெருமுனையில் இப்போதே போஸ்டர் இருந்தது.

'டூப் இல்லை! அறுபது நாள் தறியில் உட்கார்ந்த நாயகன்!'

லாட்ஜிலிருந்து அவனை ஜீப்பில் கூட்டி வந்தார்கள். வாசலில் நூறு செல்போன்கள் உயர்ந்தன. 'தலைவா' என்று ஒரு குரல் பிளந்தது. கதவைச் சாத்தினாள் ஏஞ்சல்.

"ஏழு மணிக்கு வந்தேன் சார். ஆசீர்வாதம் வாங்கினேன். ஏழரைக்குக் கிளம்பிட்டேன். அப்போ அவரு நல்லா இருந்தாரு."

"தம்பிக்குத் தறி நல்லா வருமாமே?"

"அது..."

"போஸ்டர்ல போட்டிருக்குது. நீங்க நெய்யற வீடியோவை இன்ஸ்டாவுல பாத்தேன். இருபது லட்சம் பேர் லைக் போட்டிருக்கான். என் பொண்ணும் அதுல ஒருத்தி."

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஏன் சார் கேக்கறீங்க?"

"கொன்னவன் நெசவாளி. இன்னைக்குக் காலையில இந்த வீட்டுக்குள்ள வந்த ஒரே நெசவாளி நீங்க."

குமரகுரு கதவைத் திரும்பிப் பார்த்தான்.

வெளியே நூறு தொண்டைகள் அவன் பெயரைக் கத்தின.

குமரகுரு முகத்தை மூடிக்கொண்டான். விரல்களுக்கு நடுவே கண்ணீர் கசிந்தது.

"சார்... எனக்குத் தறி தெரியாது."

"என்னது?"

"எல்லாம் பொய் சார்! வீடியோவுல மூஞ்சி என்னுது. கை அவரோடது. உமாபதி அண்ணன் என் கை டூப். அதுக்குத்தான் மெட்ராசுக்கு வந்தாரு. அதுக்குத்தான் சத்தியம்!"

கலாவதி நிமிர்ந்து பார்த்தாள்.

"இது வெளிய போச்சுன்னா நான் காலி சார். படத்தை விக்கிறதே இந்த ஒரு வரியை வெச்சுத்தான்."

"உள்ள போனாலும் காலிதானே?"

"அதனாலதான் சொல்றேன்!"

கோதண்டபாணி அவனையே பார்த்தார். தன் வாழ்க்கையைத் தானே கொளுத்திக்கொள்கிற பொய்யை யாரும் சொல்ல மாட்டார்கள். இருபத்தெட்டு வருட சர்வீஸ் அதைத்தான் சொன்னது.

இருந்தாலும்...

"போட்டோ எல்லாம் எடுத்தாச்சு. ஆறு இழை பாக்கி இருக்குது. ஒண்ணை முடிச்சு போட்டுக் காட்டுங்க."

"எனக்கு எங்க உக்கார்றதுன்னே தெரியாது சார்."

"ஷூவைக் கழட்டிட்டு ஏறுங்க" என்றாள் கலாவதி. "குழிக்குள்ள காலை விட்டு, பலகையில உக்காருங்க."

உட்கார்ந்தான். இழையைத் தேடினான். பிடித்தான். நழுவியது. மறுபடி பிடித்தான். விரல்கள் நடுங்கின. நெற்றி வேர்த்தது. மூன்றாவது முயற்சியில் ஏதோ ஒன்று கட்டி விட்டான். அடுத்த நொடியே பக்கத்து இழையையும் அறுத்து வைத்தான்.

ஏஞ்சலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், இது கன்னுக்குட்டியைக் கட்டற முடிச்சு!"

"மன்னிச்சிடுங்கமா" என்றான் கலாவதியிடம். "சேலையைக் கெடுத்துட்டேன்."

கோதண்டபாணி பெருமூச்சு விட்டார். நோட்டை மூடினார்.

"சரி தம்பி. கிளம்புங்க. டூப் விஷயம் என் வாய்ல இருந்து வராது."

"தேங்க்ஸ் சார்... ரொம்ப தேங்க்ஸ்..."

"சார்!"

கலாவதியின் குரல். கத்தவில்லை. அதனாலேயே எல்லோரும் திரும்பினார்கள்.

"அவரை எழுந்துக்க விடாதீங்க."

"ஏம்மா?"

"அறுந்த இழை கீழ் வரிசையில கிடந்துச்சு. அதைப் பிடிக்கணும்னா முதல்ல மேல தூக்கணும். குழிக்குள்ள ரெண்டு மிதிக்கட்டை இருக்குது. எடதை அமுக்கினாத்தான் அந்த வரிசை மேல வரும். வலதை அமுக்கினா இன்னும் கீழ போயிடும்."

"சரி?"

"நான் காலைக் குழிக்குள்ள விடச் சொன்னேன். மிதிக்கச் சொல்லவே இல்ல. இவரு உக்காந்தாரு... இழையைப் பாத்தாரு... எடதை அமுக்கினாரு. இழை மேல வந்துச்சு. அதுக்கப்புறந்தான் கை நடுங்க ஆரம்பிச்சுது." மூச்சு வாங்கினாள். "இப்பவும் அமுக்கிக்கினுதான் இருக்காரு. பாருங்க!"

ஏஞ்சலின் டார்ச் குழிக்குள் இறங்கியது.

இடது கால். கட்டையின் நடுவில். பாதம் பதிந்து, ஆடாமல், அசையாமல்... அறுபது நாள் பழகிய கால்!

குமரகுரு கீழே பார்த்தான். அது யாருடைய காலோ என்பதுபோலப் பார்த்தான்.

சட்டென்று எடுத்தான். மேலே வந்திருந்த இழைகள் ஒன்றாகக் கீழே விழுந்தன.

"கை டூப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் கோதண்டபாணி மெதுவாக. "அவரு உனக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியாரு. அந்தச் சத்தியம் படத்தோட கதை வெளிய போகாம இருக்கத்தான். எதுக்குடா?"

இந்த முறை அவன் பேச்சில் நடிப்பு இல்லை.

"நேத்து டெஸ்ட் ஷூட் சார். நான் தப்பா செஞ்ச ஒரு இடத்தை அண்ணன் ஒரு தடவை செஞ்சு காட்டினாரு. கேமரா ஓடிக்கிட்டு இருந்துச்சு. டைரக்டர் அதை மானிட்டர்ல பாத்தாரு. 'யோவ், இந்த மூஞ்சியை விட்டுட்டு நான் எங்க தேடிக்கிட்டு இருந்தேன்'னாரு. நைட்டு போன் பண்ணினாரு. ஹீரோ அண்ணன்தானாம். எனக்கு... தம்பி ரோலாம்."

"அதுக்கு?"

"வேணாம்னு சொல்லுங்கண்ணேன்னு கெஞ்சத்தான் வந்தேன். அவரு சிரிச்சாரு. 'எனக்கும் நடிப்பு வருதே தம்பி, நான் இன்னா பண்ண?'ன்னு சொல்லிட்டு நெய்ய ஆரம்பிச்சாரு."

கலாவதி சுவரில் சாய்ந்தாள்.

வாசல் கதவை யாரோ தட்டினார்கள். "தலைவா! ஒரே ஒரு செல்ஃபி!"

ஏஞ்சல் விலங்கை எடுத்தாள். கோதண்டபாணி தன் கைக்குட்டையை அவனிடம் நீட்டினார்.

"கை பிரமாதமா நடிச்சுது தம்பி... ஆனா, காலுக்கு யாரு டைரக்ஷன்?"