ஆறு வீட்டு அட்டைகள்

டீச்சர் கரும்பலகையில் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தபோது, சில்வண்டின் நோட்டிலிருந்து ஒரு கரப்பான்பூச்சி வெளியே வந்தது. வந்ததோடு நிற்கவில்லை. மேசை விளிம்புவரை நடந்து, மீசையை இரண்டு முறை ஆட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவளின் மடியில் குதித்தது.

வகுப்பு போட்ட கூச்சலில் தலைமை ஆசிரியரே ஓடி வந்தார்.

சில்வண்டு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். அவள் வாய் ஓயாது. ஆனால் அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அம்மா பயந்துபோனாள்.

"என்னடா கண்ணு, உடம்பு சரியில்லையா?"

"அம்மா, நம்ம வீடு அழுக்கா?"

அம்மாவின் முகம் வாடிவிட்டது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க வேலை பார்ப்பவள் அவள். வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்தைத் துலக்கி, அடுப்படியைத் துடைத்து, குப்பையை வெளியே போட்டுவிட்டுத்தான் உட்காருவாள். அப்படியும் அலமாரியைத் திறந்தால் பத்துக் கரப்பான்கள் நாலா பக்கமும் ஓடும்.

"நாம மருந்தடிச்சா மேல் வீட்டுக்குப் போகுது. அவங்க அடிச்சா நம்ம வீட்டுக்கு வருது. இந்த ஆறு வீட்டுக்கும் வாடகை வாங்குற வீட்டுக்காரர்கிட்ட எத்தனை தடவை சொல்றது? 'நீங்க சுத்தமா இருந்தா அது ஏன் வரப்போகுது'ன்னு என்னையே கேக்குறார்."

"அவரைக் கேள்வி கேக்க யாருமே இல்லையாம்மா?"

மறுநாள் அம்மா வேலைக்குப் போகும் வழியில் நகராட்சி சுகாதார அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் சுகாதார ஆய்வாளர் வந்தார். கையில் டார்ச், தோளில் பை, காதோரம் ஒரு பேனா. ஆனால் விஷயம் எப்படியோ வீட்டுக்காரர் காதுக்கு முன்பே எட்டியிருந்தது. முதல் நாளே ஆளை வைத்து மருந்தடித்து, மாடிப்படிச் சுவருக்குப் புது வெள்ளையும் அடித்திருந்தார்.

ஆய்வாளர் அலமாரி, தொட்டி, அடுப்படி எல்லாம் பார்த்தார். இரண்டே இரண்டு கரப்பான்கள், அவையும் காலைத் தூக்கிக்கொண்டு செத்துக் கிடந்தன.

"பாத்தீங்களா மேடம்? இந்தம்மா சும்மா ஊதிப் பெருசாக்குறாங்க" என்றார் வீட்டுக்காரர்.

அவர் இறங்கிப் போனதும் சில்வண்டு ஆய்வாளரின் முன்னால் போய் நின்றாள்.

"நாங்க பொய் சொல்லல மேடம்."

"தெரியும்மா. மருந்து வாடையே இன்னும் போகல. ஆனா நான் கண்ணால பாத்ததைத்தான் எழுத முடியும். ஒரு வீட்ல மட்டும் இருக்குன்னா அந்த வீட்டைத்தான் எழுதுவேன். ஆறு வீட்லயும் இருக்குன்னு தெரிஞ்சா, கட்டடத்தையே சரிபண்ணச் சொல்லி உத்தரவு போடலாம். வர்ற வெள்ளிக்கிழமை திரும்ப வரேன்."

"நீங்க வரும்போது கரப்பான் எல்லாம் ஒளிஞ்சுக்குமே!"

"அதுதான் சிக்கல்" என்று சிரித்துவிட்டு ஆய்வாளர் கிளம்பினார்.

சில்வண்டுக்கு அன்று பாடத்தில் மனம் ஓடவில்லை. கரப்பானைப் பார்க்க ஆளை நிறுத்த முடியாது. ஆனால் அதுவாக வந்து மாட்டிக்கொண்டால்?

பழைய அட்டைப் பெட்டியை எடுத்து ஆறு துண்டாக வெட்டினாள். ஒவ்வொன்றிலும் இருபக்கமும் ஒட்டும் டேப்பை வரிசையாக ஒட்டி, நடுவில் ஒரு ரொட்டித் துணுக்கை வைத்தாள். ஓரத்தில் வீட்டு எண்ணையும் தேதியையும் எழுதினாள்.

மேல் வீட்டு பஸ் டிரைவர் மாமா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க வீட்டுக்கு இது பத்தாதும்மா. பாய் அளவுல ஏதாவது இருக்கா?"

இன்னும் மூன்று வீட்டில் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். கீழே தையல்கார அக்கா மட்டும் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"எங்க வீட்ல அதெல்லாம் இல்ல."

அவள் சொல்லி முடிப்பதற்குள், கதவு நிலையில் ஒரு கரப்பான் சாவகாசமாக ஏறிப் போனது. இருவரும் அதைப் பார்த்தார்கள். இருவரும் பார்க்காததுபோல் நின்றார்கள்.

"அக்கா, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

தையல்கார அக்காவின் கண் கலங்கிவிட்டது. "இந்த வீட்ல கரப்பான் இருக்குன்னு தெரிஞ்சா யாரு என்கிட்ட துணி தருவாங்க? என் பிழைப்பே போயிடும். அதான் தைச்சதை எல்லாம் கவர்ல போட்டுக் கயித்துல தொங்க விடுறேன்."

"என் நோட்டுல இருந்தே ஒண்ணு வந்துச்சுக்கா. வகுப்பே பாத்துச்சு."

"ஐயையோ! அப்புறம்?"

"ரெண்டு நாள் யாரும் பக்கத்துல உக்காரல. அழுகையா வந்துச்சு. ஆனா தினமும் போனேன். நாம அழுக்கா இருக்கறதால வரலக்கா. எங்கயோ இருந்து வருது. அது எங்கன்னுதான் தெரியல."

அக்கா கதவை முழுதாகத் திறந்தாள்.

"உள்ள வா. எங்கன்னு நான் காட்டுறேன்."

இருவரும் சேர்ந்து மர பீரோவைத் தள்ளினார்கள். பின்னால் சுவர் ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. கழிவுநீர்க் குழாய் உடைந்து, சுவரில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டை. உள்ளே ஏதோ சரசரவென்று அசைந்தது.

சில்வண்டு கையிலிருந்த அட்டையை அங்கேயே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்தபோது மாடிப்படியில் ஆறு அட்டைகளும் வரிசையாக இருந்தன. ஐந்தில் ஒட்டியவற்றை எண்ணிவிடலாம். தையல்கார அக்கா வீட்டு அட்டையில் அட்டையே தெரியவில்லை.

"யாரு செஞ்சது இது?"

"நான்தான் மேடம்."

ஆய்வாளர் ஒவ்வொன்றையும் படம் எடுத்தார். ஆறு வீட்டுக்குள்ளும் போய்ப் பார்த்தார். பீரோவுக்குப் பின்னால் டார்ச்சை அடித்தவர், சட்டென்று ஓரடி பின்னால் வந்தார்.

"இது எப்பவோ உடைஞ்ச குழாய். கட்டடம் முழுக்க இங்கிருந்துதான் ஏறுது."

கூடவே வந்திருந்த வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "இத்தனை குறை சொல்றவங்க காலி பண்ணிட்டுப் போகலாமே!"

அம்மா சில்வண்டின் கையை இறுகப் பிடித்தாள். அப்போது பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

"அப்படின்னா ஆறு வீடும் ஒண்ணாதான் காலியாகும்" என்றாள் தையல்கார அக்கா.

டிரைவர் மாமாவும் தலையாட்டினார்.

"அதுக்கு அவசியமே வராது" என்றார் ஆய்வாளர், எழுதிக்கொண்டே. "புகார் குடுத்ததுக்காக யாரையும் வெளிய அனுப்பக் கூடாது சார். குழாயை மாத்தணும், ஓட்டையை அடைக்கணும், ஆறு வீட்டுக்கும் ஒரே நாள்ல மருந்தடிக்கணும். பதினஞ்சு நாள் டைம். செய்யலன்னா வழக்கு. இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

வீட்டுக்காரர் பேனாவைத் தேடினார். ஆய்வாளர் எழுதி முடித்துக் காதோரம் செருகியிருந்த பேனாவை எடுத்து நீட்டினார்.

மருந்தடித்த நாளன்று ஆறு வீடும் தெருவில்தான். பாத்திரம், படுக்கை, புத்தகம் எல்லாம் ஓரமாகக் குவிந்திருந்தன. தையல்கார அக்கா நடைபாதையிலேயே இயந்திரத்தைப் போட்டுக் கடகடவென்று தைத்தாள். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் தைக்கத் துணி கொண்டுவருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூன்று வாரம் கழித்து ஆய்வாளர் மறுபடியும் வந்தார். புதுக் குழாயைத் தட்டிப் பார்த்தார். புதிதாக வைத்த ஆறு அட்டைகளிலும் ரொட்டித் துணுக்கு மட்டும் தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஃபைலை மூடிப் பையில் வைத்துவிட்டு, சில்வண்டுக்குக் கை கொடுத்தார். பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோலவே கொடுத்தார்.

எல்லோரும் கலைந்த பிறகும் வீட்டுக்காரர் மட்டும் படியருகே தயங்கி நின்றார். அக்கம்பக்கம் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, இந்த அட்டை... இதை எப்படிச் செய்றது?"

"எதுக்கு சார்?"

"அது ஒண்ணுமில்ல..." அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டு அடுப்படியில கொஞ்ச நாளா மீசை மாதிரி ஏதோ ஆடுது."

சில்வண்டுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டு, கதவைத் திறந்து வழிவிட்டாள்.

"உள்ள வாங்க சார், ரொம்ப சுலபம். சொல்லித் தரேன்."