விமானக் காசு

அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அடுப்பைத் தணிக்கக்கூட விடாமல் அருளப்பன் தன் மனைவி வியாகுலமேரியைக் கொண்டையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்தான். அவன் விட்ட முதல் அறையிலேயே அவள் உதடு கிழிந்தது.

"எங்கடி வித்த? சொல்லுடி...!"

காணாமல் போனது ஒரு தங்கக் காசு. அருளப்பனின் தம்பி ஆரோக்கிய பிரபு கனடாவில் விமானம் பழுது பார்க்கிறவன். தங்கள் விமானப் பெருமையைக் கொண்டாட அந்த நாட்டார் வெளியிட்ட காசு, பழைய விமானம் ஒன்று பொறித்தது. போன விடுமுறையில் ஆசையாக வாங்கி வந்து அண்ணனிடம் பத்திரப்படுத்தச் சொல்லியிருந்தான். நேற்று ராயப்பன்பட்டிக்கு வந்தவன் அதைக் கேட்க, பீரோவில் இல்லை.

போன இடம் அவளுக்குத் தெரியும். தை மாதம் மாமியார் இறந்தபோது, மூத்த மகன் தாயின் நெற்றியில் காசு வைக்க வேண்டுமே என்று, குடிபோதையில் பீரோவைத் துழாவி அருளப்பன் எடுத்து வைத்தது அதைத்தான். பிணத்தின் நெற்றியிலிருந்து பிடுங்க எந்த மருமகளுக்குக் கை வரும்? அதுவும் குழிக்குள் போயிற்று. சொன்னால் அண்ணனும் தம்பியும் வெட்டிக்கொண்டு சாவார்கள். திருட்டுப் பட்டம் தன்னோடு போகட்டும் என்று பாவிமகள் வாயை மூடிக்கொண்டாள்.

விறகுக்கட்டை அவள் முதுகில் முறிந்தது. பிரபு பல்லைக் கடித்தான். பெண்டாட்டியை அடித்து நாடகம் போடாதே, விற்றுக் குடித்தவன் நீதான் என்றான். அருளப்பன் அவனையும் அறைந்தான். அவ்வளவுதான், தோட்டத்து அருவாளை எடுத்து ஓங்கிவிட்டான் பிரபு.

வியாகுலமேரி குறுக்கே பாய்ந்தாள். வெட்டு அவள் முழங்கையில் இறங்கியது.

"அத்தைய அடக்கம் பண்ணுன வீடியோ உங்க போன்ல இருக்குல்ல தம்பி... அவுக நெத்தியப் பாருங்க. உங்க அண்ணன் போதையில தெரியாம வச்சுட்டாக..."

அடக்கத்துக்கு வர முடியாமல் போன குற்றவுணர்வில் பிரபு நூறு தடவை அழுது பார்த்த வீடியோதான். நிறுத்திப் பெரிதாக்கினான். அம்மாவின் நெற்றியில், சந்தனத்துக்கு நடுவே, மஞ்சளாக அந்த விமானம்.

அருவாள் நழுவியது. அவள் காலைக் கட்டிக்கொண்டு கதறினான்.

"ஒரு பிடி மண்ணு போடக்கூட வரல மதினி நான்... என் காசாச்சும் ஆத்தாகூடப் போயிருக்கே! அங்கனயே கெடக்கட்டும்..."

அருளப்பன் துண்டோடு காயத்தைக் கட்ட வந்தான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"தம்பி, ஆட்டோ கூப்புடுங்க. கம்பம் ஆஸ்பத்திரில தையல் போட்டுட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். கூப்புட வர வேணாம்னு உங்க அண்ணன்கிட்டச் சொல்லிருங்க. வாறதா இருந்தா நானே வருவேன்."