கரடியின் காயம்

ஞாயிறு, மதியம் 2.35.

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஐயப்பன் குடியிருந்த மூன்றாம் மாடி ஃபிளாட்டுக்குள் ஐந்து பேர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். முதலில் நுழைந்த ஐயப்பன் மேஜையைப் பார்த்ததும் அப்படியே நின்றான். பின்னால் வந்தவர்கள் அவன் முதுகில் மோதிக்கொண்டார்கள்.

"நோட்டு எங்கே?"

சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு. ஒரு மணி நேரத்துக்கு முன்பு மேஜையின் நடுவில் இருந்தது. இப்போது அங்கே ஐயப்பனின் பகடைகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன.

"யாரும் எதையும் தொடாதீங்க," என்றாள் உலகம்மை. போனை எடுத்து மேஜையைப் படம் பிடித்தாள். அவள் சாஃப்ட்வேர் டெஸ்டர். பிறர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள். கோளாறு என்று யார் கூப்பிட்டாலும் முதலில் படம், பிறகுதான் பேச்சு. கரமனையில் அவள் வீட்டார் இந்தக் குணத்தைப் பற்றி வேறு விதமாகச் சொல்வார்கள்.

தொலைந்தது வெறும் நோட்டுதானே என்று நினைக்க வேண்டாம். ஐயப்பன் ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தான். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் மதில் ஏறுகிறேன்', 'நான் வாளை உருவுகிறேன்' என்று சொல்லி, நடந்ததா இல்லையா என்று பகடை உருட்டிப் பார்க்கும் விளையாட்டு. அபிலாஷ் போர்வீரன். ரேஷ்மி ஒற்றன். பகவதிப்பெருமாள் மந்திரவாதி. உலகம்மை உருமாறி. அவளுக்கு மந்திரம் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் கரடியாவாள், எலியாவாள், பருந்தாவாள்.

வினையே அங்கேதான் தொடங்கியது. அவள் கரடியானால் போர்வீரனுக்கு வேலையில்லை. எலியானால் ஒற்றனுக்கு வேலையில்லை. அடிபட்டால் உடனே வேறு உருவம்; பழைய உடம்போடு காயமும் போயிற்று. மற்ற மூவரும் நேந்திரங்காய் சிப்ஸைத் தின்றபடி அவள் விளையாடுவதை வேடிக்கை பார்த்தார்கள். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியாதா?

எரியும் என்று ஐயப்பனுக்குத் தெரியும். அதனால் அவன் அதையே அளந்தான். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் மூவரிடமும் கேட்பான்: "இன்னைக்கு உருமாறியப் பாத்து எவ்வளவு எரிஞ்சுது? பத்துக்குச் சொல்லு." சொன்ன எண்ணை 'எரிச்சல் மார்க்' என்று நோட்டில் எழுதுவான். பிறகு விதிகளைத் திருத்துவான். கரடிக்குப் பேச்சு வராது, எலியால் எதையும் தூக்க முடியாது, ஒரு நாளுக்கு மூன்று முறைதான் மாறலாம் என்றெல்லாம் வைத்துப் பார்த்தான். மார்க் இறங்கவே இல்லை. கடைசியில் ஒரு விதி வந்தது. குளிக்கும்போது தோன்றியதாகச் சொன்னான்: உருவம் மாறினாலும் காயம் மாறாது. கரடிக்கு விழுந்த வெட்டோடுதான் எலியும் நொண்டும். நாற்பத்தோராவது ஆட்டத்தில் அபிலாஷின் மார்க் ஒன்பதிலிருந்து இரண்டுக்கு வந்திருந்தது. ரேஷ்மியின் மார்க் எட்டிலிருந்து இரண்டுக்கு. பகவதிப்பெருமாள் தங்கமான மனிதன். முதல் ஆட்டத்திலிருந்தே பூஜ்யம்தான்.

இம்மாதிரி விளையாட்டுகளை அச்சிடும் கொச்சிக்காரி ஜெஸி அன்று மாலை ஆறு மணிக்கு வருவதாக இருந்தது. "விதி ஆரும் எழுதும். டெஸ்ட் செய்த ரெக்கார்டு காட்டு" என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். இதை நம்பி ஐயப்பன் வேலையை ராஜினாமா செய்திருந்தான். போன வெள்ளிக்கிழமைதான் வேலையில் கடைசி நாள். நோட்டைப் போனில் படம் எடுத்து வைக்கும் வேலை நாளைக்கு நாளைக்கு என்று நாற்பத்தோரு ஆட்டம் தள்ளிப்போயிருந்தது.

அன்று காலைதான் முதல் பக்கத்தில் பெயர்களை எழுதியிருந்தான். ஆக்கம்: ஐயப்பன், உலகம்மை. கீழே சின்ன எழுத்தில், நன்றி: பகவதிப்பெருமாள், அபிலாஷ், ரேஷ்மி. உலகம்மை ஏதோ சாக்குச் சொல்லி மூன்று தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டாள்.

ஒன்றரைக்கு ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஐயப்பன் நோட்டை மூடி, அதன்மேல் ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகம் கொண்ட தன் நான்கு நீலப் பகடைகளையும் ஒன்று என்ற எண் மேலே தெரியும்படி திருப்பி வைத்துவிட்டு எழுந்தான். சும்மா இருக்கும்போதே கெட்ட எண்கள் தீர்ந்துபோகட்டும் என்பது அவன் நம்பிக்கை. பகடைக்காரர்களுக்கு ஆளுக்கொரு கிறுக்கு உண்டு. ரேஷ்மி சொன்னபடி விழாத பகடையை ஃப்ரீசரில் போட்டுத் தண்டிப்பாள். அபிலாஷ் தன்னுடையவற்றை ஒரு பழைய காலுறைக்குள் கட்டி வைப்பான். ஒருவர் பகடையை இன்னொருவர் தொடுவதில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் பொது.

கீழே இருந்த ஹோட்டலில் சாப்பாடு. சாவி சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. ஐயப்பனும் உலகம்மையும் எழவே இல்லை. மற்ற மூவரும் ஆளுக்கொரு முறை தனியாக மேலே போய் வந்தார்கள்.

2.55. உலகம்மை சமையலறையில் நின்றுகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

"எப்போ மேல வந்தே?"

"ஒண்ணே முக்கால் காணும்," என்றான் அபிலாஷ், தன் மலையாளத் தமிழில். "போன் மறந்துபோச்சு."

"நோட்டு இருந்துதா?"

"நோக்கல. எடுத்தேன், எறங்கினேன்."

"ஆரம்பத்துல ஐயப்பண்ணன்கிட்ட சண்டை போட்டல்லே?"

"போட்டேன். கரடி வந்தா பின்னே எனக்கெந்தா பணி? எனக்கு அசூயை உண்டு, உலகம்மை. அத மறைக்கல. மார்க்குல எழுதியாச்சே."

அடுத்து ரேஷ்மி.

"நீ?"

"ரெண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போ. பாத்ரூம் போக. மேஜை பக்கமே போகல."

"என் மேல கோவமா?"

"உன் மேல இல்ல, அந்த எலி மேல. நான் ஆறு ஆட்டம் பாடுபட்டு பூட்டு திறக்கிற வித்தை வாங்கினேன். நீ கதவுக்கு அடியில நுழைஞ்சு போனே. வீட்டுக்குப் போயி சோறு எறங்கல, கேட்டியா."

கடைசியாகப் பகவதிப்பெருமாள். நாகர்கோவிலில் ஐயப்பனோடு கல்லூரியில் படித்தவன். அந்த மேஜையை வாங்கித் தோளில் சுமந்து மாடி ஏற்றியதும் அவன்தான். நாற்காலியில் உட்கார்ந்து தன் மஞ்சள் பகடையை விரலால் உருட்டி, இருபதை மேலே கொண்டுவந்து நிறுத்தினான்.

"ரெண்டு மணி இருக்கும், மக்ளே. மழை இருட்டிச்சுல்லா, குடை எடுக்க வந்தேன். அப்படியே ஸ்கூட்டருக்குக் கவரும் போட்டேன்."

"நோட்டு?"

"கவனிக்கல."

"உங்களுக்கு எரிஞ்சதே இல்லையாண்ணா?"

"எனக்கு என்னத்துக்கு? நல்லா வரட்டும்னுதான் இருந்தேன்."

3.40. ஐயப்பனுக்குப் பொறுமை போயிற்று. "அபிலாஷ்தான். வேற யாருக்கு என்ன விரோதம்?"

"பை எல்லாம் திறந்து நோக்கு," என்றான் அபிலாஷ். திறந்து பார்த்தார்கள். மூன்று பைகளிலும் நோட்டு இல்லை. ஆனாலும் ஐயப்பன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "இனி இந்தப் பக்கம் வராதே," என்றான். அபிலாஷின் முகம் சிவந்தது. பத்து மாத ஞாயிறுகள் அந்தக் கதவோடு முடியப்போகின்றன என்று எல்லாருக்கும் புரிந்தது.

"அஞ்சு நிமிஷம் குடுங்க," என்றாள் உலகம்மை.

பால்கனிக்குப் போய்ப் படத்தைப் பார்த்தாள். மேஜை. சிப்ஸ் தட்டு. நான்கு நீலப் பகடைகள். மேலே தெரிந்த எண்கள் ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது. படத்தைப் பெரிதாக்கினாள். மறுபடியும் அதே எண்கள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. சரியான பதில் கிடைத்தும் அவள் சந்தோஷப்படாதது அன்றைக்குத்தான்.

4.20. எல்லாரையும் மேஜையைச் சுற்றி உட்கார வைத்தாள்.

"ஐயப்பண்ணா, சாப்பிடப் போகும்போ உங்க பகடையை எப்படி வச்சீங்க?"

"எப்பவும் போலத்தான். ஒண்ணு மேல."

போனை நடுவில் வைத்தாள். "இப்போ பாருங்க. நாலும் பெரிய எண். நோட்டை எடுக்கணும்னா மேல இருக்கிற பகடையை எடுத்து வைக்கணும். எடுத்த ஆளு அவசரத்துலயும் ஒண்ணு செய்தாரு. கை பழக்கம், பெரிய எண்ணை மேல திருப்பி வச்சிட்டாரு. ரேஷ்மி திருப்ப மாட்டா. அபிலாஷ் காலுறையிலதான் போடுவான். இந்த மேஜையில பகடைக்கு பெரிய எண்ணைப் பழக்குற ஆளு ஒருத்தர்தான்."

பகவதிப்பெருமாளின் கை மஞ்சள் பகடையை விட்டு மெல்ல விலகியது.

"அட, போ," என்றான் ஐயப்பன் உலகம்மையிடம். "பெருமாளா? அவனுக்கு எரிச்சலே கிடையாது. நாப்பத்தோரு பூஜ்யம்."

"அதான் என் தப்பு. மார்க்கெல்லாம் கூட்டிப் போட்டது நான். எப்பவும் பாஸ் ஆகிற டெஸ்ட்டை நம்பாதேன்னுதான் ஆபீஸ்ல முதல் நாள் சொல்லித் தந்தாங்க. அபிலாஷுக்கு ஒன்பது, ரேஷ்மிக்கு எட்டு, பக்கத்துல இருந்தவருக்கு ஒரு நாள்கூட ஒண்ணு இல்லை. நல்ல மனுஷர்னு நெனச்சேன். அவரு சொல்லாம வச்சிருந்தாரு."

வெளியே மழை வலுத்தது.

"குடைக்குள்ள வச்சுக் கொண்டுபோனீங்க," என்றாள் உலகம்மை, குரலைத் தாழ்த்தி. "கவர் போடுற சாக்குல ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில வச்சீங்க. அல்லே, அண்ணா?"

பகவதிப்பெருமாள் எழுந்தான். படியிறங்கிப் போனான். திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது. நோட்டு பிளாஸ்டிக் உறைக்குள் நனையாமல் இருந்தது. ஐயப்பன் முன்னால் வைத்தான்.

"கிழிக்கத்தான் எடுத்தேன், மக்கா. மனசு வரல. ஆறு மணி தாண்டட்டும், பெறகு தருவோம்னு நெனச்சேன்."

"ஏம்லே?" என்றான் ஐயப்பன். "வேற யாராவது செய்தா சரி. நீ ஏம்லே?"

உலகம்மை அதற்குள் நோட்டைப் புரட்டத் தொடங்கியிருந்தாள். மார்க் கட்டங்களை அவள் மனப்பாடமாக அறிவாள். பக்க ஓரங்களை அவள் பார்த்ததே இல்லை. ஒன்பதாவது ஆட்டத்தின் ஓரத்தில் கை நின்றது. பென்சிலில், வலப்புறம் சாய்ந்த எழுத்தில் இரண்டு வரிகள்.

சத்தமாகப் படித்தாள். "'உருவத்தை மாத்தட்டும், காயத்தை மாத்த விடாதே. கரடிக்கு வெட்டு விழுந்தா எலியும் நொண்டணும்.' இது யாரு எழுத்து?"

ஐயப்பன் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீங்க குளிக்கும்போ தோணிச்சுன்னு சொன்னது பதினெட்டாவது ஆட்டத்துக்கு. இது ஒன்பதாவது."

"எழுதினது இங்க. அதுக்கு முன்னால பஸ்ஸுலயும் சொன்னேன்," என்றான் பகவதிப்பெருமாள். "தம்பானூர்ல எறங்குறவரைக்கும் சொல்லிட்டு வந்தேன். நீ ஜன்னல் வழியா பாத்துட்டு இருந்தே. சரி, உன் தலையில வந்தாலும் என் தலையில வந்தாலும் ஒண்ணுதான்னு விட்டேன். எட்டு வருஷ சிநேகம்லா. இன்னைக்குக் காலையில முதல் பக்கத்தைப் பாத்தேன். நன்றின்னு போட்டிருக்கு. சிப்ஸ் தின்னவங்களோட சேர்த்து."

ரேஷ்மி தலை குனிந்தாள். சிப்ஸ் தட்டு அவள் முன்னால்தான் இருந்தது.

"சத்தியமா மறந்துபோச்சுலே," என்றான் ஐயப்பன்.

"காயம் கூடவே வரும்னு விதி எழுதின ஆளு மறக்கக்கூடாது," என்றாள் உலகம்மை. "இங்க நடந்தது ரெண்டு திருட்டு. இன்னைக்கு நடந்ததைத்தான் என்கிட்ட கண்டுபிடிக்கச் சொன்னீங்க."

இதைச் சொல்லும்போது அவளுக்கே ஒரு குத்தல் இருந்தது. முதல் பக்கத்தில் தன் பெயரை மூன்று தடவை பார்த்தவளுக்கு, அங்கே யார் பெயர் இல்லை என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஐயப்பன் எழுந்தான். பிறகு அபிலாஷிடம் போய், "மன்னிச்சிரு," என்றான். அபிலாஷ், "பின்னே நோக்காம், அப்புறம் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு, போகாமல் உட்கார்ந்தான்.

6.10. ஜெஸி வந்தாள். அவளுக்கு ஓர் ஆட்டம் ஆடிக் காட்டினார்கள். பிறகு அவள் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். முதல் பக்கத்தைப் பார்க்க முடியவில்லை. ஐயப்பன் அதைக் கிழித்திருந்தான், புதியது இன்னும் எழுதவில்லை.

"கொள்ளாம், நல்லா உண்டு. இந்த எரிச்சல் மார்க் கொள்ளாம்," என்றாள் ஜெஸி. "மத்த விதியெல்லாம் வேற கேம்லயும் நான் கண்டதுண்டு. இந்த காயத்தின்றெ காரியம் மாத்ரம் புதுசு. அதுக்காகத்தான் நான் அச்சடிக்கப் போறது. இது ஆருடெ ஐடியா?"

எல்லாரும் ஐயப்பனைப் பார்த்தார்கள். பத்து மாத உழைப்பு, விட்ட வேலை, எல்லாம் அவன் முகத்தில் ஒரு கணம் ஓடியது.

"இவனோடது," என்றான். "பகவதிப்பெருமாளோடது. அவன் பேருதான் முதல்ல வரும்."

ஜெஸி தலையாட்டினாள். விரல் கட்டங்களின் மேல் இறங்கி வந்து நின்றது. "பகவதிப்பெருமாள்னா... இங்க எப்போழும் பூஜ்யம் உள்ள ஆளா? அதெப்படி?"

பகவதிப்பெருமாள் பென்சிலை எடுத்தான். "அது தப்பா சொன்னது, மேடம். திருத்தணும்." நாற்பத்தோராவது ஆட்டத்துக்கு நேரே இருந்த பூஜ்யத்தை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினான்.

ஐயப்பன் நோட்டை வாங்கினான். நாற்பத்திரண்டு என்று போட்டு, அன்றைய ஆட்டத்துக்கான மார்க்கை வழக்கம்போல் கேட்டான். அபிலாஷ் இரண்டு. ரேஷ்மி ஒன்று. பகவதிப்பெருமாள் கொஞ்சம் யோசித்து மூன்று என்றான்.

நோட்டை மூடப்போனபோது உலகம்மை அவன் கையைத் தடுத்தாள். உருமாறியிடம் யாரும் மார்க் கேட்பதில்லை. அவளுக்கென்று நோட்டில் கட்டமே கிடையாது. ஜெஸி இன்னும் பகவதிப்பெருமாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகம்மையின் பெயர் இனி எங்கே வரும் என்று யாரும் கேட்கவில்லை.

"எனக்கும் ஒரு கட்டம் போடுங்கண்ணா," என்றாள் உலகம்மை. "ஏழுன்னு எழுதுங்க."