முப்பத்தேழு டிகிரி

ஆலையின் வரைபடத்தில் அவன் போடாத ஒரு குழாய் இருந்தது.

பொறியாளன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். இருந்தது. இயற்கை எரிவாயுவைச் சுத்தம் செய்யும் ஆலை. இப்போதைக்குக் கணினிக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சூடான குழாய் ஒவ்வொன்றையும் ஒரு குளிர்ந்த குழாயோடு ஜோடி சேர்ப்பது அவன் வேலை. ஒன்றின் சூடு மற்றதற்குப் போய்விட்டால் எரிபொருள் மிச்சம். ஜோடியைத் தேடித் தருவது மென்பொருள். ‘வீணாகும் வெப்பம் எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்’ என்று காலையில் அதற்கு அனுமதி கொடுத்தவன் அவன்தான். மேலாளருக்குச் சிக்கனம் என்றால் உயிர். விடுமுறை நாளில் அவனை மட்டும் வரவழைத்தவர், அவன் தலைக்கு மேலிருந்த விளக்கைத் தவிர எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லியிருந்தார்.

புதிய குழாய், சூடானவற்றின் பட்டியலில் கடைசியாக நின்றது. முப்பத்தேழு டிகிரி. ஒரு குண்டு பல்பு அளவுக்கு அற்பமான வெப்பம். அழித்தான். திரும்ப வந்தது. இந்த முறை ஒரு குளிர்ந்த குழாயோடு ஜோடி சேர்ந்து வந்தது.

ஏசி ஓடவில்லை, ஆனாலும் கூரைக்குள் எதுவோ மெல்ல உறிஞ்சுவதுபோல் ஒரு சத்தம், காலி நாற்காலிகளின் வரிசையைத் தாண்டி, பழைய கம்பளத்தின் புழுதி வாசனையைக் கிளப்பிக்கொண்டு, அவன் மேசைவரை வந்து நின்றது. ஜன்னல் வழியே மாலை வெயில் புறங்கையில் விழுந்தது. சுடவில்லை.

திரையில் அந்தக் குழாய் இப்போது முப்பத்தைந்து.

காய்ச்சல் இல்லாத மனிதனின் சூடு முப்பத்தேழு என்பது அப்போதுதான் உறைத்தது. எழப் பார்த்தான். குளிரில் கால்கள் விறைத்திருந்தன. மின்கம்பியைப் பிடுங்கினான். திரை இருண்டது. அந்தக் குழாயின் கோடு மட்டும் இருளில் நின்றது.

கைப்பேசி ஒலித்தது. தங்கை.

“என்னண்ணா, குழாய்க்கெல்லாம் கல்யாணம் பண்ணி வச்சாச்சா? உனக்குப் பொண்ணு பார்த்தா மட்டும் நேரமில்லம்ப.”

“ம்.”

“குரல் ஏன் இப்படி இருக்கு? நான் கீழதான் நிக்கிறேன். மேல வரட்டா?”

வராதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் காலையிலிருந்து யாரும் அவனோடு பேசியிருக்கவில்லை. அவ்வளவு குளிராக இருந்தது.

“வா” என்றான்.

லிஃப்ட் கிளம்பும் சத்தம். இருண்ட திரையில் இரண்டாவது கோடு. முப்பத்தேழு.

அவனுடைய கோடு சூடானவற்றின் பட்டியலிலிருந்து மாறியிருந்தது. இப்போது அவன் குளிர்ந்த குழாய்.

“அய்யோ, ஏன்ணா இப்படி ஜில்லுனு இருக்க!” தங்கை ஓடிவந்து அவன் கைகளைத் தன் கைகளுக்குள் பொத்தித் தேய்த்தாள்.

இரண்டு கோடுகளும் சேர்ந்தன.

சூடு வந்தது. விரல் நுனியில். மணிக்கட்டில். பிறகு நெஞ்சில். என்ன சுகம்.

“போதும்ணா, விடு. எனக்குக் குளிருது.”

அவள் உதடு வெளுத்தது.

“அண்ணா. வலிக்குது.”

விட வேண்டும். அவனுக்குத் தெரியும். விடு என்று தன் விரல்களுக்குச் சொன்னான். அவை அவள் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கின.

அவள் மூச்சு வெண்புகையாக வந்தது. பிறகு புகை வரவில்லை.

அவனுக்கு வியர்த்தது.