இரண்டு தடவை கண் சிமிட்டினால்

வோல்கா ஆற்றிலிருந்து பனிமூட்டம் கிளம்பினால் அந்த ஊரில் முதலில் காணாமல் போவது பாலம். அடுத்து படகுத்துறைக் கோபுரம். அதற்கப்புறம் சதுக்கத்தின் கல்தூண், உச்சியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. டிராம்களுக்கு மணி மட்டும்தான் மிஞ்சும். சத்தம் காதில் விழும், வண்டி மூக்கில் முட்டும்வரை தெரியாது. அணைக்குக் கீழே ஆறு முழுசாக உறைவதில்லை. கடுங்குளிரில் அந்தத் திறந்த தண்ணீர் பகல் முழுக்க ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். ஊர்க்காரர்கள் அதைத் திட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

பிப்ரவரி தொடக்கத்தில் தைசியாவும் அவள் தம்பி ரோத்யாவும் சதுக்கத்துக்குக் கிளம்பிய அன்றும் அப்படியொரு மூட்டம்தான். பட்டப்பகலில் தெருவிளக்கு எரிந்தது. டிராம் ஆமை வேகத்தில் ஊர்ந்தது. ரோத்யா வழியெல்லாம் ஜன்னலில் படிந்த உறைபனியை ஊதி உருக்கி, முஷ்டியை அழுத்தி, மேலே விரல் நுனியால் புள்ளி வைத்து, குட்டிக் குழந்தைப் பாதங்களாகப் பதித்துக்கொண்டு வந்தான். பதினைந்து வயதுக் கழுதைக்கு அந்த விளையாட்டு இன்னும் விடவில்லை. மூக்கு வேறு ஒழுகியது. நவம்பரில் ஒழுக ஆரம்பித்தால் அவனுக்கு அது ஏப்ரலில்தான் நிற்கும்.

"மூக்கத் தொடைடா. காவலுக்கு நிக்கப் போற மூஞ்சியா இது?"

"அதுக்குத்தானே நீ இருக்க?" என்றான் அவன். "ஊரு மூக்கெல்லாம் தொடைக்கிறவ, தம்பி மூக்கத் தொடைக்க மாட்டியா?"

தைசியா அவன் பிடரியில் ஒன்று வைத்தாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மா சொன்ன ஒரே வார்த்தை, "அவனப் பத்திரமாக் கூட்டிட்டு வா" என்பதுதான்.

அவன் கேலி செய்தது அவளுடைய வேலையை. சதுக்கத்தில், போரில் செத்தவர்களை மொத்தமாகப் புதைத்த இடத்தின் மேல் ஓர் அணையா விளக்கு எரிகிறது. பிப்ரவரியில் வரும் நினைவு வாரத்தில் அதைப் பள்ளிப் பிள்ளைகள்தான் முறைவைத்துக் காவல் காப்பார்கள். நான்கு மூலைக்கு நான்கு பேர், ராணுவக் கோட்டும் துப்பாக்கியுமாகச் சிலை மாதிரி நிற்க வேண்டும். அசையக் கூடாது, பேசக் கூடாது, மூக்கு ஒழுகினாலும் கையைத் தூக்கக் கூடாது. அதனால் ஒருத்தி அவ்வப்போது போய் ஒவ்வொருவர் முகத்தையும் துடைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்து, "எப்படி இருக்க?" என்று காதோரம் கேட்பாள். ஒரு தடவை கண் சிமிட்டினால், தாங்குவேன் என்று பொருள். இரண்டு தடவை சிமிட்டினால், முடியவில்லை, ஆளை மாற்று.

அந்த ஒருத்திதான் தைசியா. பையன்கள் அவளுக்கு வைத்த பெயர் 'கைக்குட்டை'. அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. இரண்டு தடவை சிமிட்டியவனிடம் "இரு, ஆள் அனுப்புறேன்" என்று அவள் சொன்னால் ஆள் வந்தே தீரும். ஒருநாளும் அந்தப் பேச்சு தவறியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

டிராம் சதி செய்ததில் இருவரும் தாமதம். முதல் அணி ஏற்கெனவே வெளியே நின்றுகொண்டிருந்தது. காவல் அறையில் ஈரக் கம்பளி நாற்றமும் தேநீர் ஆவியும். பொறுப்பாளர் அர்காதி சாவிச், பழைய பட்டாளத்துக்காரர், அறையில் இல்லை. மலர் வளையத்தோடு வந்த விருந்தினர்கள் மூட்டத்தில் வழிதவறிவிட்டார்கள் என்று அவர்களைத் தேடிப் படகுத்துறைக்குப் போயிருந்தார். ஆட்களை அழைத்துப்போய் மாற்றி வருகிற இல்னூர் மட்டும் ரொட்டியைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தான். ரோத்யா அன்றைக்கு உபரி ஆள். வாழ்க்கையில் முதன்முறையாக ராணுவக் கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் பார்த்தான்.

தைசியா கைக்குட்டைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மூட்டத்துக்குள் விளக்கு மங்கலான மஞ்சள் கறையாகத் தெரிந்தது. பனி மேல் அவள் பூட்ஸ் கீச்சிட்டது. முதல் மூலை: முகத்தைத் துடைத்தாள், கேட்டாள், ஒரு சிமிட்டல். இரண்டாவது, மூன்றாவது மூலைகளிலும் அப்படியே. மூன்று பேர் வாயிலிருந்தும் வெள்ளையாக ஆவி போய்க்கொண்டிருந்தது.

நாலாவது மூலை ஆற்றைப் பார்த்தது. காற்று நேராக அடிக்கும். அங்கே நிற்க எவனுக்கும் பிடிக்காது. வழக்கமாக ஷென்யா என்கிற நெட்டைப் பையனைத்தான் நிறுத்துவார்கள். அங்கே நின்றவனும் நெட்டைதான். கோட்டு உறைந்து பலகையாக இருந்தது. அவன் பக்கத்தில் போனதும் வேறொரு வாசனை அடித்தது. ஈரக் களிமண், கரிந்த மரம், மட்டமான புகையிலை.

கழுதை, புகைக்க ஆரம்பித்துவிட்டானா என்று நினைத்துக்கொண்டே எட்டி அவன் முகத்தைத் துடைத்தாள். ஈரமே இல்லை. கைக்குட்டையில் செங்கல் தூள் மாதிரி என்னவோ சிவப்பாக நறநறவென்று ஒட்டியது.

"எப்படி இருக்க?"

இமைகள் மூடின. திறந்தன.

நெடுநேரம் அவன் அவளையே பார்த்தான்.

மறுபடி மூடின.

"இரு, ஆள் அனுப்புறேன்," என்றாள் தைசியா, எப்போதும் சொல்வதைப் போல.

அவன் வாயிலிருந்து ஆவி வரவில்லை. அதை அவள் பிறகுதான் நினைத்துப் பார்த்தாள்.

அறைக்குத் திரும்பியதும், "நாலாவது மூலைக்கு ஆள் வேணும். சீக்கிரம் அனுப்புங்க," என்றாள். ரோத்யா அதற்குள் கையுறையை மாட்டிக்கொண்டான். அம்மா பின்னிய சிவப்புக் கையுறை, கட்டைவிரலுக்கு மட்டும் தனி இடம் வைத்தது. அவள் அவன் மூக்கை நன்றாக அழுத்தித் துடைத்து, காலரைத் தூக்கிவிட்டாள்.

"மானத்த வாங்காத. அசையாம நில்லு."

"நீ மட்டும் வந்து என் மூக்கத் திருகாத," என்று சொல்லிவிட்டு இல்னூருக்குப் பின்னால் கால் தூக்கி நடந்து போனான்.

அவள் தேநீர் ஊற்றினாள். அது ஆறுவதற்குள் இல்னூர் திரும்பி வந்தான். தனியாக வந்தான்.

"ஷென்யா எங்க?"

"ஷென்யாவா? அவன் காய்ச்சல்ல வீட்டுல கிடக்கான். இன்னிக்கு மூணு பேருதானே நின்னாங்க?" இல்னூர் தொப்பியிலிருந்த பனியைத் தட்டினான். "நாலாவது இடம் காலி. நீ ஆள் கேட்டியேன்னு உன் தம்பிய அங்க நிறுத்திட்டு வந்தேன். சும்மா சொல்லக் கூடாது, முறைப்படி செஞ்சான். 'காவலை ஏற்றுக்கொண்டேன்'னு காத்துகிட்டயே சொன்னான்." சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். "அதுக்கு யாரோ 'காவலை ஒப்படைத்தேன்'னு சொன்ன மாதிரிகூட இருந்துச்சு. காத்தாத்தான் இருக்கும்."

தைசியா கோட்டைக்கூடப் போடாமல் வெளியே ஓடினாள்.

மூட்டம் இன்னும் தடித்திருந்தது. நாலாவது மூலையில் ரோத்யா நின்றுகொண்டிருந்தான். அவனேதான், அதே காலர், அதே சிவப்புக் கையுறை. அவளுக்கு உயிர் வந்தது. கைக்குட்டையை அவன் மூக்கில் வைத்தாள்.

காய்ந்திருந்தது.

"ரோத்யா, எப்படி இருக்க?"

ஒரே ஒரு சிமிட்டல். மெதுவாக, நிம்மதியாக.

கைக்குட்டையில் சிவப்புத் தூள்.

அர்காதி சாவிச் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். மூட்டத்தில் கண் ஏமாற்றும் என்று ஆரம்பித்தவர், வாக்கியத்தை முடிக்கவில்லை.

"அவன்கிட்ட நீ என்னம்மா சொன்ன?"

"ஆள் அனுப்புறேன்னு."

கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"அனுப்பிட்டியா?"

ரோத்யாவை அறைக்குள் அழைத்து வந்தபோது அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

வீடு திரும்பும் டிராமில் ரோத்யா ஜன்னலோரம் உட்கார்ந்தான். கண்ணாடி முழுக்க வெள்ளைப் பனி. அவன் ஊதவில்லை, பாதம் பதிக்கவில்லை. முழங்கால் மேல் கை வைத்து, பனி மூடிய கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரொட்டிக் கடை," என்றான் மெதுவாக. கொஞ்சம் தூரம் போனதும், "எண்ணெய் மில்லு. அடுத்தாப்புல பொம்பளைங்க குளிக்கிற வெந்நீர்க் கூடம்."

எதிரே ஆற்றுப் பனியில் துளை போட்டு மீன் பிடித்துவிட்டு வந்த ஒருவர், தன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, வெந்நீர்க் கூடமா? அது நான் அரைக்கால் சட்டை போட்டிருந்தப்பவே குண்டு விழுந்து தரைமட்டம். உனக்கு யாருப்பா சொன்னா?"

ரோத்யா அவரைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தான். தம்பி அப்படிச் சிரித்துத் தைசியா பார்த்ததில்லை.

"படகுத்துறை இன்னும் நம்ம கையிலதானே இருக்கு?" என்று கேட்டான்.

மீன்காரர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தைசியாவைப் பார்த்தார். அவள் பார்வை ஜன்னலில் இருந்தது. ரோத்யா கையுறையோடு கையைக் கண்ணாடியில் ஊன்றியிருந்தான். கை பட்டால் பனி உருக வேண்டும். உருகவில்லை. கையைச் சுற்றிப் பனி தடித்து ஏறியது. அவன் கையை எடுத்ததும் தடம் அப்படியே நின்றது. கட்டைவிரல் தனியாக இருந்தது. ஆள்காட்டி விரலும் தனியாக, துப்பாக்கி விசையை இழுப்பதற்காகப் பட்டாளத்துக் கையுறையில் தைப்பார்களே, அந்த மாதிரி.

அவன் கையில் இருந்தது அம்மா பின்னிய சிவப்புக் கையுறைதான்.

வீட்டில் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். பையனுக்கு மூக்கு ஒழுகுவது நின்றுவிட்டது. போட்டதைச் சத்தமில்லாமல் சாப்பிடுகிறான், தட்டில் விழுந்த ரொட்டித் துணுக்கைக்கூட விரலால் ஒற்றி எடுக்கிறான். விடியுமுன் எழுந்து பூட்ஸைத் துடைக்கிறான். "ஒரு நாள் காவல் நின்னதுக்கே பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு வந்துடுச்சு பாரு," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையடித்துக்கொண்டாள். தைசியா வாயைத் திறக்க நினைத்த போதெல்லாம் அவன் மேசைக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்து, ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினான்.

தைசியா தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். தம்பியைத் தன் கையாலேயே துடைத்து, காலரைத் தூக்கிவிட்டு அனுப்பியவள் அவள்தான்.

நினைவு வாரம் முடிந்து காவலும் நின்றுபோனது. அடுத்த மூட்டம் கிளம்பிய பகலில், பள்ளிக்கு என்று சொல்லிவிட்டு அவள் சதுக்கத்துக்குப் போனாள். ஆள் அரவமே இல்லை. வாடிய மலர் வளையங்கள் மேல் பனி ஏறியிருந்தது. காற்றில் விளக்கு படபடத்தது. நாலாவது மூலையில் ஒருவரும் இல்லை. ஆற்றிலிருந்து வந்த வெள்ளை மூட்டம்தான் நின்றது.

கைக்குட்டையை எடுத்து, தம்பியின் உயரத்துக்குக் கையை நீட்டினாள்.

துணி எதன் மேலோ பட்டது.

ஒழுகியது. வெதுவெதுப்பாக, ஈரமாக.

"ரோத்யா," என்றாள். "ரோத்யா, கண்ணா, எப்படி இருக்க?"

விரல் நுனியில், துணிக்கு மேலே, இமைமயிர் உரசியது.

மறுபடியும் உரசியது.

இரண்டு தடவை. பிறகும் நிற்கவில்லை. வலையில் சிக்கிய குருவி மாதிரி அது அடித்துக்கொண்டே இருந்தது.

வாயில் அந்த வார்த்தை வந்துவிட்டது. 'இரு' என்று தொடங்கியவள் பல்லைக் கடித்தாள். யாரை அனுப்புவாள்? எந்த வீட்டுப் பிள்ளையை? நான் நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தபோது, முதுகுக்குப் பின்னால் பனி கீச்சிட்டது. ஈரக் களிமண் வாசனை.

"அக்கா," என்றது தம்பியின் குரல். "வேண்டாம். நான் ரொம்ப காலம் நின்னுட்டேன். யாருமே வரல. நீதான் வந்து தொடைச்சுவிட்ட. உன்ன அங்க நிக்க விட மாட்டேன்." தோளில் சிவப்புக் கையுறை விழுந்தது. அதன் கனம் இரும்புக் கனம். "வா, டிராம் வந்துடுச்சு. அம்மா தேடுவாங்க."

அவள் திமிறினாள், கத்தினாள். மூட்டத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவன் அவளைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டியில் வேறு யாரும் இல்லை. மணியடித்து, டிராம் நகர்ந்து, சதுக்கத்தை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது.

அப்போது யாரும் தொடாத உறைபனியில், அவள் முகத்துக்கு நேராக, ஒரு குட்டிப் பாதம் பதிந்தது. மேலே ஒவ்வொன்றாக விரல்கள்.

அதன் பக்கத்தில் இன்னொன்று.

பக்கத்தில் இருந்தவன் பெருமூச்சு விட்டு, அவளைத் தாண்டிக் கையை நீட்டி, இரண்டையும் கையுறையால் மூடினான். அவன் கையை எடுத்தபோது கண்ணாடியில் பாதங்கள் இல்லை. தடித்த வெள்ளைப் பனியும், தனியாக நீண்ட ஆள்காட்டி விரலும்தான் இருந்தன.